வீட்டுப் பெண்களின் பாதுகாப்புக்காக

ஆரணி,
19.1.2024

அன்புள்ள அத்தைக்கு,

சுபத்ரா எழுதுவது. நான் இங்கே நலம். உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது? தைலம் இந்நேரம் தீர்ந்திருக்கும். சமையலறை அலமாரியின் மேல்தட்டில், பழைய காலண்டருக்குப் பின்னால் இன்னொரு புட்டி வைத்திருந்தேன். சொல்லாமல் வந்துவிட்டேன். உங்கள் கைக்கு அது எட்டாது. ஸ்டூல் போட்டு ஏறாதீர்கள், யாரையாவது எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். உங்கள் போனை உங்கள் மகன் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச விடுவார். நேரில் வந்து பேசலாமென்றால் எனக்கு வாய் வராது. கல்லூரியில் மூன்று வருடம் உட்கார்ந்திருந்தும் ஒரு நாள்கூட எழுந்து நின்று சந்தேகம் கேட்டதில்லை. எழுதினால் மட்டும்தான் எனக்கு வரும். அதனால் அங்கன்வாடி சிவசங்கரி டீச்சர் பெயருக்கு இதை அனுப்புகிறேன். அங்கேயே உட்கார்ந்து படியுங்கள். பதிலையும் அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.

இங்கே பட்டுச் சேலைக் கடை ஒன்றில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அப்பா வழக்கம்போல ரைஸ் மில்லுக்குப் போகிறார். அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுகிறாள். "சின்னச் சண்டைக்கெல்லாம் பொட்டியத் தூக்கினு வந்துட்டா" என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

சின்னச் சண்டை இல்லை என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தீர்கள்.

அவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். மாமாவின் துப்பாக்கியைப் பாயில் பக்கத்திலேயே கிடத்தி, எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சோறு போட்டுக்கொண்டே, ஆரணியில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், பஸ்ஸில் போய் வந்துவிடுவேன் என்று சொன்னேன். அவர் துப்பாக்கியை எடுத்து அதன் முனையை என் கழுத்தில், தாலிச் சரட்டுக்கு மேலே வைத்து அழுத்தினார். "போ, பாக்கலாம்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கழுவாமல், அந்த எண்ணெய்க் கையாலேயே ரசம் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். விரலை வேறு சூப்பினார்.

நீங்கள் சமையலறை வாசலில் நின்று, "ரசம் ஆறிடும், சாப்புடுபா" என்றீர்கள்.

அத்தை, அந்த எண்ணெய் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. கடையில் புதுப்பட்டின் வாசனைக்கு நடுவிலும் அது வருகிறது. ரசம் என்றாலே குமட்டுகிறது.

எழுத வந்த விஷயம் இதுதான். மாமாவின் கருமாதி அன்று கமலக்கண்ணன் மாமா உங்கள் மகன் தலையில் உருமால் கட்டிவிட்டு, துப்பாக்கியையும் எடுத்துக் கையில் கொடுத்தார். ஊர் முழுக்க நின்று பார்த்தது. உருமாலோடு துப்பாக்கியும் மகனுக்கு வந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்ததும் நாம்தான். ஆனால் உரிமம் மாமா பெயரில் இருந்தது. மாமா போனதும் அதை ஸ்டேஷனில் ஒப்படைத்திருக்க வேண்டும். இப்போது யாரோ சொல்லி, தன் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லி அவர் மனுப் போட்டிருக்கிறார். மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டால்தான் அது மாறும். சங்கீதா அண்ணி மகள் என்ற முறையில் போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நீங்கள்தான் பாக்கி.

மனைவியின் கையெழுத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டால் நான் போட மாட்டேன். உங்களைத்தான் கேட்கிறார்கள். நீங்களும் போடாதீர்கள் அத்தை. அந்தத் துப்பாக்கி இருக்கிற வீட்டுக்கு நான் வர மாட்டேன்.

உங்கள் மருமகள்,
சுபத்ரா


புங்கங்கொல்லை,
28.1.2024

அன்புள்ள சுபத்ராவுக்கு,

அத்தை சாவித்திரி எழுதிக்கொண்டது. உன் கடிதம் கிடைத்தது. தைலத்தை டீச்சர் வந்து எடுத்துக் கொடுத்தார்கள். எட்டாவதோடு நின்றவள் நான், பிழை இருந்தால் சிரிக்காதே.

நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை. துணி துவைத்துப் போட்டுவிட்டு, கொடியில் போட ஆளில்லாமல் வேலி மேலேயே விரித்து விடுகிறேன். முள் பட்டு இரண்டு புடவை கிழிந்துவிட்டது. மாட்டுக்கும் உன் குரல் பழகிவிட்டது. நான் தண்ணி காட்டினால் முகத்தைத் திருப்புகிறது.

சுபத்ரா, சந்தோஷ் சுட்டானா? இல்லையே. காட்டினான். அவ்வளவுதான். மருந்து போட்டு நிரப்பாத துப்பாக்கி வெறும் குழாய்தான். ஆம்பளைகள் அப்படித்தான் மிரட்டுவார்கள். உன் மாமனாரும் மிரட்டினவர்தான். நான் முப்பது வருஷத்துக்கு மேலே குடும்பம் நடத்தவில்லையா?

மல்லாட்டைக் கொல்லையைப் பன்றி வந்து உழுதுவிட்டுப் போகிறது. வேர்க்கடலை பிடிக்கிற நேரம். ஒரு சத்தம் கேட்டால் பன்றி மலை ஏறிவிடும். துப்பாக்கி இல்லையென்றால் விவசாயம் இல்லை என்கிறான். அதுவும் நியாயம்தானே. நம் வீடு ஊருக்கு வெளியே தனியாக இருக்கிறது. துப்பாக்கி இருக்கிற வீடு என்றால் ஒருத்தன் எட்டிப் பார்க்க மாட்டான். சமையலறைச் சுவரில் ஓட்டை இருக்கிறதே, அது உன் மாமனார் பாம்பைச் சுட்டது. அன்றைக்கு அது இல்லையென்றால் நான் இருந்திருக்க மாட்டேன்.

கையெழுத்தை இன்னும் போடவில்லை. கண்ணாடி உடைந்துவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன். ரொம்ப நாள் சொல்ல முடியாது.

அடுத்த வாரம் என் அண்ணன் கமலக்கண்ணன் உங்கள் வீட்டுக்கு வருவார். முகம் கொடுத்துப் பேசு. ஒரு வார்த்தை நீ விட்டுக்கொடுத்தால் முடிந்துவிடும் விஷயம் இது.

அன்புடன்,
அத்தை


ஆரணி,
8.2.2024

அன்புள்ள அத்தைக்கு,

நலம். கமலக்கண்ணன் மாமா வந்தார். கூட இரண்டு பேர். ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு முழம் பூ. அம்மா ஓடி ஓடிக் காபி கொடுத்தாள். அப்பா மில்லிலிருந்து தவிடு படிந்த தலையோடு வந்து, தோளில் துண்டைக்கூடப் போடாமல் அவர்கள் எதிரில் நின்றார். உட்காருங்கள் என்று வந்தவர்கள்தான் சொன்னார்கள், எங்கள் வீட்டிலேயே.

"பொண்ணு படிச்சிருக்குது. அதான் கொஞ்சம் பேஜாரு. படிக்காத பொண்ணா இருந்தா இந்நேரம் வந்துகினு போயிகினு இருக்கும்" என்றார் மாமா.

அப்பா அதற்கும் தலையாட்டினார். மாமா என் பக்கம் திரும்பினார்.

"துப்பாக்கி வச்சிகினு இருக்கற குடும்பம் நம்ம பக்கத்துல எத்தினி இருக்குதுன்ற? கவுரவம்மா அது. உன் மாமனாரு அத்த தோள்ல மாட்டிகினு திருவிழாவுக்கு வந்தா, தேர் வடத்த அவரு தொட்டப்புறம்தான் இழுப்பாங்க. அந்த ஊட்டு மருமகள்னு சொல்லிக்க உனுக்குக் கசக்குதா?"

கூட வந்தவர்களில் ஒருவர் சிரித்தார். "புருஷன் பொண்டாட்டிக்குள்ள துப்பாக்கி இன்னா, தோசக் கரண்டி இன்னா? எல்லாம் ஒண்ணுதான்" என்றார். எங்கள் அம்மாவும் சிரித்துவிட்டாள். காபி டம்ளரைக் கழுவப் போகிற சாக்கில் உள்ளே போன நான், அவர்கள் போகிறவரை வெளியே வரவில்லை. டம்ளர்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். வாய் வைத்துக் குடித்த இடம் போகவே இல்லை என்று தோன்றியது. இப்படி எனக்கு ஆகிவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் ஒரு ஆண் வெற்றிலை மென்றால்கூட எழுந்து நின்றுகொள்கிறேன்.

அத்தை, ஒன்று கேட்கிறேன். கோபப்படாதீர்கள். பேசாதவர்கள் நிறையப் பார்ப்பார்கள். ஒன்றரை வருடம் அந்த வீட்டில் பேசாமல் இருந்தேன். அந்த நேரமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சமையலறைச் சுவரில் இருக்கிற ஓட்டைகள் தரையிலிருந்து என் தோள் உயரத்தில் இருக்கின்றன. பாம்பு அந்த உயரத்தில் போகாது. உங்கள் இடது கை தோளுக்கு மேலே ஏறாது. மேல்தட்டு எட்டாது. கொடியில் துணி போட மாட்டீர்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில்கூட முதுகு தேய்க்க என்னைக் கூப்பிட்டதில்லை. எந்த வெயிலிலும் முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துச் செருகியே இருப்பீர்கள். நீங்களும் நானும் ஒரே உயரம்.

அந்தச் சுவரில் நான் ஒரு நாள் முதுகை ஒட்டி நின்று பார்த்தேன். ஓட்டைகள் சரியாக என் இடது தோள் பக்கம் இருந்தன.

மாமா எந்தப் பாம்பைச் சுட்டார்?

சுபத்ரா


புங்கங்கொல்லை,
22.2.2024

சுபத்ராவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு டீச்சரிடம் திருப்பிக் கொடுத்தேன், அடுப்பில் போடச் சொல்லி. பதில் எழுதக் கூடாது என்று இருந்தேன். முடியவில்லை.

சந்தோஷுக்கு அப்போது நாலு வயது. சோறு தின்றுகொண்டிருந்தான். சங்கீதா பள்ளிக்கூடம் போயிருந்தாள். நான் என் அம்மா வீட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகக் கேட்டேன். வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டது. அவர் குறி வைத்தது சுவரைத்தானாம், அப்புறம் சொன்னார். குண்டு என்றால் ஒன்றாய்ப் போகும். இது பால்ரஸ், சிதறிப் போகிற சின்னச் சின்ன ரவைகள். கொஞ்சம் சுவருக்கும் கொஞ்சம் எனக்கும்.

ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். பாம்பைச் சுடும்போது பட்டுவிட்டது என்றார். நம்பவில்லை போலிருக்கிறது. குழந்தையைக் கேட்டார்கள். அவர் வழியிலேயே சொல்லிக் கூட்டி வந்திருந்தார். "அப்பா பாம்ப சுட்டாரு" என்று அவன் மழலையாய்ச் சொன்னான். நர்ஸ் அம்மா அவன் கன்னத்தைக் கிள்ளி, "உங்கப்பா வீரரு" என்று சொன்னாள். அதற்கப்புறம் அதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறான். இப்போது அவனுக்கு அந்தப் பாம்பு நிஜம். நீளம்கூடச் சொல்வான்.

எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். மீதி உள்ளேயே இருக்கிறது. மழை வருவது எனக்கு முதலில் தெரியும்.

இதை இவ்வளவு வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. என் அண்ணனுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். கேட்டதில்லை. தெரிந்துதான் அதை எடுத்து என் மகன் கையில் கொடுத்தார்.

இன்னொன்றும் சொல்கிறேன், நீ சிரிப்பாய். தேர்தல் வந்தால் எனக்குச் சந்தோஷம். தேர்தல் அறிவித்தால் ஊரில் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் எல்லாம் கொண்டுபோய் ஸ்டேஷனில் வைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடித்தப்புறம்தான் திருப்பிக் கொடுப்பார்கள். அந்த இரண்டு மூன்று மாசம் நான் கால் நீட்டித் தூங்குவேன். குழம்பில் உப்பு குறைந்தால் குறைந்தது என்று சொல்வேன். பாராளுமன்றத் தேர்தல், சட்டசபைத் தேர்தல், பஞ்சாயத்துத் தேர்தல் எல்லாவற்றுக்கும் விடியக்காலையிலேயே முதல் ஆளாய்ப் போய் நிற்பேன். "சாவித்திரிக்கு இன்னா ஓட்டு மேல இவ்ளோ ஆச" என்று கேலி செய்வார்கள். யார் ஜெயித்தாலும் எனக்கு ஒன்றுதான். எண்ணுகிற நாள்தான் பிடிக்காது.

போன வாரம் மனு விஷயமாக விசாரிக்க ஆள் வந்தார். சந்தோஷ் பக்கத்திலேயே நின்றான். கண் சரியில்லை, படித்துப் பார்த்துத்தான் போடுவேன் என்றேன். "படிச்சி இன்னா பண்ணப்போற?" என்று அவன் கேட்டான். வந்தவர் மோர் குடித்துவிட்டுப் போனார்.

அவன் என் மகன். உனக்குப் புருஷன், நீ வேண்டாம் என்று சொல்லலாம். நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

அத்தை


ஆரணி,
5.3.2024

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து நான் சிரிக்கவில்லை. கடையில் அன்று ஒரு கல்யாண ஜவுளிக் கூட்டம். மாப்பிள்ளை வீட்டார் முகூர்த்தப் பட்டைப் பிரித்துப் பெண்ணின் தோள்மேல் போட்டுப் பார்த்தார்கள். இடது தோள். நான் பில்லில் தப்பாக அடித்துத் திட்டு வாங்கினேன்.

நேற்று லீவு போட்டு, அவர் மனுப் போட்ட ஆபீசுக்குப் போனேன், என் ஆட்சேபணையை எழுதிக் கொடுக்க. போய் நின்றதும் வழக்கம்போல குரல் வரவில்லை. காகிதத்தை நீட்டினேன். அந்த சீட்டில் இருந்தவர் படித்தார். பிறகு பக்கத்து சீட்டுக்காரருக்கு உரக்கப் படித்துக் காட்டினார். என் கழுத்து என்று எழுதியிருந்த இடத்தில் அவர் என் கழுத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, ஊட்டுச் சண்டைய ஊட்டோட வச்சிக்கணும். இதுக்கும் லைசன்சுக்கும் இன்னா சம்பந்தம்?"

நான் அவர் கையிலிருந்த காகிதத்தைக் காட்டினேன்.

"உன் நல்லதுக்குத்தான் அவரே கேட்டிருக்கறாரு, பாரு" என்று மனுவைத் திருப்பி எனக்குக் காட்டினார். துப்பாக்கி எதற்குத் தேவை என்ற இடத்தில் உங்கள் மகனின் கையெழுத்தில் இருந்தது: ஊருக்கு வெளியே தனி வீட்டில் வசிக்கும் என் தாயார், மனைவி ஆகிய வீட்டுப் பெண்களின் பாதுகாப்புக்காக.

அத்தை, அதற்குக் கீழே கையெழுத்துப் போடச் சொல்லித்தான் உங்களைக் கேட்கிறார்கள்.

நான் அங்கிருந்து வெளியே வந்து, ஆபீஸ் சுவரோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். ஒரு அம்மா தண்ணீர் கொடுத்து, "எத்தினி மாசம்?" என்று கேட்டார். அப்படி ஏதும் இல்லை. எனக்கு அருவருப்புதான். பன்றி என்று எழுதியிருந்தால்கூடப் பரவாயில்லை. நம் பெயரை எழுதி நம்மை மிரட்டுகிற சாமானை வாங்குகிறார்கள். பெண்களின் பாதுகாப்பு என்று எழுதிய இடத்திலும் உங்கள் மகனின் எழுத்து முத்து முத்தாக இருந்தது.

என் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். "உன் பேச்சு மட்டும் நிக்காது, உன் மாமியாரு சொன்னாத்தான் நிக்கும்" என்றார். அவர் கிண்டலாகச் சொன்னார். ஆனால் உண்மையைச் சொன்னார்.

யாரிடம் போய்ச் சொல்வேன் என்று கேட்டிருந்தீர்கள். அவர்கள் உங்களைத்தான் கேட்கிறார்கள் அத்தை. மாமாவுக்கு எதிராக உங்களை யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறார்கள்.

சுபத்ரா


புங்கங்கொல்லை,
24.3.2024

சுபத்ராவுக்கு,

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். சொல்கிறேன் கேள்.

தேர்தல் அறிவித்துவிட்டார்கள். ஊரில் மற்றவர்கள் எல்லாம் கொண்டுபோய் வைத்தார்கள். சந்தோஷ் வைக்கவில்லை. செத்தவர் பெயரில் இருக்கிற துப்பாக்கியை இப்போது கொண்டுபோனால் இத்தனை நாள் ஏன் வைத்திருந்தாய் என்று கேட்பார்களாம். வைக்கோல் போருக்குள்ளே செருகி வைத்தான். தேர்தல் வந்தும் அது வீட்டில் இருக்கிறது என்றதும் என் இரண்டு மாசத்தையும் அவன் எடுத்துக்கொள்கிற மாதிரி இருந்தது.

அவன் போளூர் போன அன்று உருவி எடுத்து, கோரைப் பாயில் சுற்றி, கயிறு கட்டி, பஸ் ஏறிவிட்டேன். வலது தோளில் சாத்திக்கொண்டு நின்றேன். பையனாட்டம் ஒரு கண்டக்டர்.

"பெரிம்மா, பாய்க்குள்ள இன்னா வச்சிகினு இருக்கற? இவ்ளோ வெயிட்டா கீது?"

"எங்க ஊட்டுக்காரருபா."

"அவரு ஒல்லிதான் போல" என்று சொல்லி, லக்கேஜ் போடாமல் விட்டுவிட்டான். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எவ்வளவு நாளாயிற்று அப்படிச் சிரித்து.

ஸ்டேஷனில் பாயை அவிழ்த்ததும் அவர்கள் எழுந்துவிட்டார்கள். "ஊட்ல ஆம்பள யாருமில்லியா? நீ ஏன் தூக்கினு வந்த?" என்றார் ஒருவர்.

"ஆம்பள இருக்கறதாலதான் சார் தூக்கினு வந்தேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அப்புறம் நடந்ததுதான் கேவலம். உடனே அவனுக்கு போன் போட்டார்கள். "தம்பி, உங்கம்மா எடுத்தாந்துட்டாங்க, ஜல்தி வா" என்று. அவன் வந்தான். அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். எனக்கு இல்லை. "தேர்தல் நேரம் தம்பி, இப்ப குடுக்க முடியாது. முடியட்டும். அம்மாகிட்ட நைசா பேசிக் கையெழுத்த வாங்கிடு. உம்பேர்ல ஆயிடும்" என்று என் எதிரிலேயே சொன்னார்கள். என்னைப் பாயைச் சுற்றச் சொன்னார்கள், வெறும் பாயை. சுற்றி எடுத்துக்கொண்டு அவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். வீட்டில் இறங்கினதும், "அவ சொல்லிக் குடுத்தாளா?" என்று கேட்டான். இல்லை, நானேதான் என்றேன். அன்றிலிருந்து நான் சமைத்ததை மாட்டுத் தொட்டியில் கொட்டிவிட்டு, ஹோட்டலில் வாங்கி வந்து என் எதிரில் உட்கார்ந்து தின்கிறான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஓட்டு எண்ணுவது ஜூன் நாலாம் தேதி. அதுவரைக்கும் துப்பாக்கி வராது. நீ வந்துவிடு. இரண்டு மாசத்துக்கு மேலே இருக்கிறது. நாம் இரண்டு பேரும் நிம்மதியாக இருக்கலாம். மல்லாட்டை பிடுங்குகிற நேரம், பச்சைக் கடலை வேக வைத்துத் தின்னலாம். அதற்குள் அவன் மனசும் மாறும். மாறாவிட்டால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உன் அத்தை


ஆரணி,
3.4.2024

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் பாயைத் தோளில் சாத்திக்கொண்டு பஸ்ஸில் நின்றதை நினைத்து இரண்டு நாள் எனக்குள்ளேயே சிரித்தேன். அம்மா பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கேட்டாள்.

ஆனால் கடைசியில் நீங்கள் கூப்பிட்டிருக்கிறீர்களே, அதற்கு நான் வர மாட்டேன்.

ஓட்டு எண்ணுகிற நாள் வரை மருமகளாக இருந்துவிட்டு, எண்ணி முடித்ததும் மறுபடி வாய் மூடிக்கொள்ள என்னால் ஆகாது. இப்படி எழுதுவதற்கு மன்னியுங்கள்: நீங்கள் அப்படித்தான் இத்தனை வருடம் வாழ்ந்தீர்கள், அது எனக்கு இரக்கமாக இல்லை, அசிங்கமாக இருக்கிறது. உங்கள் மேல் இல்லை. உங்களை அப்படி வாழ வைத்துவிட்டு, தேர் வடத்தை மாமா கையில் கொடுத்த ஊர் மேல். கன்னத்தைக் கிள்ளிய அந்த நர்ஸ் மேல். மோர் குடித்துவிட்டுப் போனவர் மேல். எங்கள் அம்மாவின் மேலும்தான். தேர்தலுக்கு யார் யாரோ மைக் வைத்த ஆட்டோவில் கடைத்தெருவில் வந்து, தாய்மார்களே என்று கும்பிடுகிறார்கள். கும்பிடுகிற கைகளைப் பார்த்தால் அந்த எண்ணெய்க் கைதான் ஞாபகம் வருகிறது.

நான் கேட்டது ஒன்றுதான். கேட்டதை மாற்றவில்லை. தேர்தல் முடிந்து உங்களை அந்த ஆபீசுக்குக் கூப்பிடுவார்கள். கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டால் எனக்கு எழுதாதீர்கள். எழுதினாலும் என்னிடமிருந்து பதில் வராது. இதைப் பயமுறுத்தலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களை அத்தை என்று எழுத அதற்குப் பிறகு எனக்குக் கை வராது, அவ்வளவுதான்.

சுபத்ரா


சிவசங்கரி டீச்சர் வீடு,
15.6.2024

அன்புள்ள சுபத்ராவுக்கு,

இத்தனை நாள் எழுதவில்லை. நீ என்ன நினைத்திருப்பாய் என்று தெரியும். போன கடிதத்தை நான் அடுப்பில் போடவில்லை. அசிங்கம் என்று நீ எழுதின இடத்தை மட்டும் பலமுறை படித்தேன். முதலில் கோபம் வந்தது. அப்புறம் அது சரியான சொல்தான் என்று பட்டது. இத்தனை வருஷமாக அதற்குப் பொறுமை என்று பெயர் வைத்திருந்தேன்.

நேற்று ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். சந்தோஷ், சங்கீதா, என் அண்ணன் எல்லோரும் வந்தார்கள். எனக்குப் புதுப் புடவை கட்டச் சொல்லி, சங்கீதா முந்தானையைச் சரி செய்துவிட்டாள். "அம்மா, தம்பிய நாலு பேரு முன்னால அசிங்கப்படுத்திடாத" என்று காதில் சொன்னாள். சந்தோஷ் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். பத்து வருஷமாகக் கும்பிடாதவன். எனக்கு அழுகை வந்தது. பெற்ற வயிறுதானே. அந்த நிமிஷத்தில் போட்டுவிடலாம் என்றுகூட இருந்தது.

அதிகாரி புது ஆள். நல்ல விதமாகத்தான் பேசினார். மனுவை எடுத்து எனக்குக் கேட்கிற மாதிரி வாசித்தார். வீட்டுப் பெண்களின் பாதுகாப்புக்காக என்று வாசித்துவிட்டு, "உங்களுக்காகத்தாம்மா கேக்கறாரு. உங்களுக்கு ஆட்சேபண ஏதாவது இருக்குதா?" என்றார்.

நீ வாய் வரவில்லை என்று எழுதுவாயே, எனக்கும் அப்படியே இருந்தது. என் அண்ணன் இருமினார். பேனாவை என் கையில் வைத்தான் சந்தோஷ்.

"சார், இப்ப அந்த ஊட்ல பொம்பளைங்களே இல்லீங்களே" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "இன்னாம்மா சொல்றீங்க?"

"மருமக எப்பயோ போயிட்டா சார். கழுத்துல துப்பாக்கிய வச்சான்னு போயிட்டா. அவ எழுதிக் குடுத்த காயிதமும் உங்ககிட்டதான் கீது."

"நீங்க இருக்கறீங்கல்ல?"

"என் பை கீழ டீச்சர்கிட்ட இருக்குது சார். நான் இப்டியே போறேன். இல்லாத பொம்பளைங்களுக்கு எதுக்கு சார் துப்பாக்கி?"

சந்தோஷ் "அம்மா" என்று ஒரு சத்தம் போட்டான். சின்ன வயதில் கூப்பிடுகிற மாதிரி இருந்தது அது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போட்டிருப்பேன். அவனிடம் ஒன்று மட்டும் சொன்னேன். "பாம்பு இல்லடா அது. நாந்தான்." அவனுக்குப் புரிந்ததா தெரியாது. என் அண்ணனுக்குப் புரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு, நான் சொன்னதை எழுதச் சொன்னார். பக்கத்து சீட்டுக்காரர் அப்போதும் விடவில்லை. "தம்பி, காரணத்த மட்டும் மாத்தி, பன்னித் தொல்லன்னு புதுசா ஒண்ணு எழுதிக் குடுங்க" என்று மெதுவாய் யோசனை சொன்னார். என் காதில் விழுந்தது. எழுதட்டும். எத்தனை எழுதினாலும் என் கையெழுத்து வேண்டும்.

கோபத்தில் அவன் என்ன செய்வான் என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. துப்பாக்கி ஸ்டேஷனிலேயே இருக்கிறது, அது ஒன்றுதான்.

இரண்டு நாள் டீச்சர் வீட்டில் இருக்கலாம். அதற்குமேல் அவர்களுக்கும் சங்கடம். போளூரில் தன் வீட்டுக்கு வராதே என்று சங்கீதா சொல்லிவிட்டாள். உன்னைக் கேட்க எனக்கு வாய் இல்லை. அன்றைக்கு ரசம் ஆறிடும் என்று சொன்னவள் நான். இருந்தாலும் கேட்கிறேன். உங்கள் வீட்டில் ஒரு பாய் விரிக்க இடம் இருக்குமா? பாய் நானே கொண்டு வருகிறேன். பஸ்ஸில் கொண்டு போனேனே, அதே பாய். வெயிலில் எவ்வளவு காய வைத்தும் எண்ணெய் வாசனை மட்டும் போகவில்லை.

சாவித்திரி


ஆரணி,
18.6.2024

அன்புள்ள அத்தைக்கு,

வாருங்கள். டீச்சர் கூட வந்து உங்களைப் பஸ் ஏற்றிவிடட்டும். பஸ் ஸ்டாண்டில் நான் நிற்கிறேன்.

அம்மா சண்டை போட்டாள். "சம்பந்தியம்மா வந்து நம்ம ஊட்ல குந்திகினா ஊரு சிரிக்காது?" என்றாள். சிரிக்கட்டும் என்று சொன்னேன். சத்தமாகச் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது, அப்பா மில்லுக்குக் கிளம்பினவர் நின்று பார்த்தார். பிறகு தன் கட்டிலை உங்களுக்காக உள் அறையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுப் போனார்.

உங்கள் மகன் இங்கே வந்தால் வெறும் கையோடுதான் வர வேண்டும். வெறும் கையும் கைதான், எனக்குத் தெரியும். கதவுக்கு உள் தாழ்ப்பாள் புதிதாகப் போட்டிருக்கிறேன்.

அந்தப் பாய் வேண்டாம். அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

கொல்லைப் பக்கம் துணிக்கொடியை அவிழ்த்து, உங்கள் இடுப்பு உயரத்துக்கு இறக்கிக் கட்டியிருக்கிறேன். நானும் அம்மாவும்கூட இனிக் குனிந்துதான் போட வேண்டும். போட்டுக்கொள்கிறோம்.

சுபத்ரா